ஸ்பானிய வளைவுக்குள் ஏணி வண்டி

இந்த வருடம் நம்மவர்களில் நான்கு பேர் ஜெர்மன் தீயணைப்புப் படையில் சேர்ந்திருக்கிறீர்கள். ஓய்வுபெற்ற நான் உங்களுக்கு நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று நம் சங்கத்து ஆண்டு மலர்க்குழு கேட்டது. "அண்ணை, நெருப்புக்குள்ள பாய்ஞ்சு ஆரையாவது காப்பாத்தின கதை இருந்தா எழுதுங்கோ" என்றார்கள். அப்படிச் சில கதைகள் என்னிடமும் உண்டு. ஆனால் அவற்றை யார் சொன்னாலும் புகையும் இருமலும் ஒன்றுதான். என் சேவைக் காலத்தில் நான் செய்த மிகப் பெரிய சேதம், ஒரு தீக்குச்சிகூட எரியாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். இதில் வரும் ஜெர்மன்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார்கள். அவர்கள் அப்படிக் கதைத்ததில்லை, எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

நான் வேலை செய்த நிலையம் கொலோனிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிறது. முதல் தரம் பார்ப்பவர்கள் அதைத் தேவாலயம் என்பார்கள், இல்லையென்றால் சாப்பாட்டுக்கடை என்பார்கள். நூறு வருடத்துக்கு முன் அந்த நகரத்து மேயர் நெஞ்சுச் சளிக்கு வைத்தியம் செய்ய ஸ்பெயினுக்குப் போய் வந்தவராம். சளி போனதோ தெரியாது, ஸ்பெயின் அவரை விட்டுப் போகவில்லை. வெள்ளைச் சாந்துச் சுவர், சிவப்பு ஓடு, வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் நீல ஓடு பதித்த நீர்த்தொட்டியோடு திறந்த முற்றம், நனைந்த குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்க மணிக்கூண்டு மாதிரி ஒரு கோபுரம். வெயிலிலிருந்து தப்புவதற்காக ஸ்பெயின்காரர் கண்டுபிடித்த கட்டடத்தை, வெயிலைப் பார்ப்பதற்கென்றே விடுமுறை எடுத்துப் போகிறவர்களின் ஊரில் கட்டி வைத்தார்கள். ஒருநாள் ஒரு குடும்பம் உள்ளே வந்து, தாழ்வாரத்து மேசையில் உட்கார்ந்து, மெனு கேட்டது. அன்றைக்குச் சமைக்கும் முறை வந்திருந்தவன் முட்டை பொரித்துக் கொடுத்து அனுப்பினான்.

இந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மரபுச் சின்ன அலுவலகத்தில் தெர்மீன், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுக்க வேண்டும். பிரதான வளைவு குதிரை வண்டிக்கு அளவெடுத்துக் கட்டியது. குதிரை போய் ஏணி வண்டி வந்தது. ஒவ்வொரு புது ஏணி வண்டியும் முந்தியதைவிடக் கொழுத்து வந்தது. வளைவு மட்டும் அப்படியே இருந்தது. வண்டி அந்த வளைவுக்குள்ளால் பின்பக்கமாகத்தான் முற்றத்துக்கு வரவேண்டும். இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஒரு கை அகலம். பக்கக் கண்ணாடிகளை மடித்தால்தான் நுழையும், மடித்துவிட்டால் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. பின்கமெரா இருக்கிறது, மழையில் அது காட்டுவது ஒரு தண்ணீர்த் துளியை மட்டும்.

ஆகவே எங்கள் நிலையத்தில் மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுபவர் ஜன்னலைத் திறந்து வைப்பார். முற்றத்தில் ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுப்பார். "கொம், கொம்" என்றால் ஜெர்மன் மொழியில் "வா, வா". அதை நாங்கள் கொஞ்சம் இழுத்து "கோம்... கோம்..." என்போம். குரல் வரும்வரை வண்டி வரும், குரல் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். வேறு இடங்களில் கையைக் காட்டி முடிக்கும் காரியத்துக்கு எங்களுக்கு வாயும் காதும் வேண்டியிருந்தன.

அப்போது ஏணி வண்டி ஓட்டப் புதிதாக அனுமதி பெற்றவள் யானா. முப்பது வயது இருக்கும். எங்கள் நிலையத்தில் அந்த வண்டியை ஓட்டிய முதல் பெண். வீட்டில் அவள் பெயரைச் சொன்னால் என் மனைவி "ஆரப்பா, யானையோ?" என்று கேட்பாள். அவள் ஓட்டுவது யானைதான் என்று நானும் சொல்வேன். சோதனைக் காலம் ஆறு மாதம். அதற்குள் வண்டியில் ஒரு கீறல் விழாதா என்று காத்திருந்த ஆண்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவள் வண்டி எடுக்கும்போது மட்டும் கோப்பிக் கோப்பையோடு தாழ்வாரத்தில் வந்து நிற்பார்கள்.

அவள் தனக்குக் குரல் கொடுக்க என்னைத்தான் கேட்பாள். "சிவா நிண்டா எனக்குப் பயமில்லை" என்பாள். அகதியாக வந்து, கராஜில் தொழில் பழகி, கடவுச்சீட்டு எடுத்து, முப்பது தாண்டிப் படையில் சேர்ந்தவன் நான். அந்த வருடம் ஒரு பிரிவுக்குத் தலைவராகும் பட்டியலுக்கு என் பெயரும் போயிருந்தது. நகரசபை எங்கள் இருவரையும் வளைவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, பெரிய போஸ்டர் அடித்து பஸ் தரிப்பிடங்களில் ஒட்டியிருந்தது. அந்தப் போஸ்டரில் காட்டுவதற்கென்று மூன்று பொருள் இருந்தன: ஒரு பெண், ஒரு கறுத்த தலைமுடிக்காரன், ஒரு ஸ்பானிய வளைவு. மூன்றையும் அரை நிமிடத்தில் நான் எப்படிக் கெடுத்தேன் என்பதுதான் கதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்து வண்டி திரும்பி வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் முற்றத்தில் நின்றேன். யானா கண்ணாடிகளை மடித்து, ஜன்னலைத் திறந்து, என் கோம், கோம் குரலுக்குப் பின்பக்கமாக வரத் தொடங்கினாள். அந்த நேரம் பொக்கற்றில் தொலைபேசி அதிர்ந்தது. விட்டேன். திரும்ப அதிர்ந்தது. விட்டேன். மூன்றாம் தரமும் அதிர்ந்தது. உங்கள் வீடுகளிலும் இது தெரியும்: வெளிநாட்டிலிருந்து மூன்று தரம் தொடர்ந்து அடித்தால் அது செத்தவீடு. என் பெரியக்கா கனடாவில். ஒரு காதில் செருகியிருந்த சின்னக் கருவியை அழுத்தினேன். தலைக்கவசத்துக்குள் அது ஒருவருக்கும் தெரியாது.

ஒருவரும் சாகவில்லை. அக்காவின் மகளுக்குக் கொலோனில் கலியாணம், மண்டபத்துக்கு மணவறை தெரிவு செய்ய வேண்டும்.

"தம்பி, வளைவு வச்சதுதான் வடிவு, என்ன?"

வண்டியின் பின்பக்கம் இடது தூணை நோக்கிக் கொஞ்சம் சரிந்து வருவதைக் கண்டு குரலை நிறுத்தினேன். யானாவும் வண்டியை நிறுத்திவிட்டாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இறங்கி வந்து பார் என்று அவளுக்குச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"தம்பி, என்ன சத்தத்தைக் காணேல்ல? கேக்குதோ?"

நம்மவர்களில் மூத்தவர் கதைக்கும்போது இடைக்கிடை ஓம் போடாவிட்டால் மரியாதை இல்லை. அது மூச்சு மாதிரி, யோசித்து விடுவதில்லை.

"ஓம் அக்கா. ஓம்... ஓம்..."

வண்டி வந்தது. ஒரு சத்தம், பிறகு இன்னொரு சத்தம். இடது தூணின் தலையில் நூறு வருடமாக இருந்த கல் மாதுளம்பழம் என் காலடியில் வந்து விழுந்து மூன்றாகப் பிளந்தது. தாழ்வாரத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் வாயிலிருந்து கோப்பையை எடுத்தார்கள்.

யானா இறங்கி வந்து கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் நிப்பாட்டின பிறகு நீங்கள் திரும்பக் கொம் எண்டு சொன்னனீங்கள்தானே?"

"இல்லை" என்றேன். சத்தியமாக நான் சொல்லவில்லை. அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு அந்த நேரம் விளங்கவும் இல்லை. குற்றம் தன்மேல் வராமல் சமாளிக்கிறாள் என்றுகூட நினைத்தேன். அதை எழுதும்போது இப்பவும் வெட்கமாக இருக்கிறது.

மரபுச் சின்ன அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்து, மாதுளம்பழத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பஞ்சு வைத்துப் பொதிந்து இலக்கம் ஒட்டினார். எங்களில் கை கால் முறிந்த ஒருவருக்கும் அப்படி ஒரு கவனிப்புக் கிடைத்ததில்லை. தூணுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். அடுத்தநாள் நிலையத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், யாருடனும் மனம் நோகக் கதைக்க விரும்பாதவர்.

"ஒரே ஒரு கேள்வி, சிவா. வண்டி நிண்ட பிறகு நீர் கொம் எண்டு சொன்னீரோ?"

"இல்லை. நான் அந்தச் சொல்லைச் சொல்லேல்ல."

"நல்லது" என்று பெருமூச்சு விட்டு, எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

காதில் தொலைபேசி இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. இதில் எனக்கு நல்ல பயிற்சி இருந்தது. எண்பதுகளில் நாங்கள் அகதி விசாரணைக்குப் போகும்போது முன்னால் வந்தவர்கள் சொல்லித் தந்த முதல் பாடம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், மிச்சத்தை வாய்க்குள் வை என்பது. அந்தப் பழக்கம்தான் எனக்கு இந்த நாட்டில் இருக்க இடம் எடுத்துத் தந்தது. வளவளவென்று உண்மை பேசியவர்கள் சிலரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு என் எதிரில் இருந்தவர் என்னை நாடு கடத்த வந்தவர் இல்லை. முற்றத்தில் ஒருத்தி மேலங்கியைக் கழற்றாமல் காத்துக்கொண்டு நின்றாள். எதிரில் இருக்கும் ஆள் மாறியது எனக்கு உறைக்கவில்லை.

யானா தன் அறிக்கையில் "வண்டி நின்ற பிறகு கொம் என்று இரண்டு தரம் தெளிவாகக் கேட்டது" என்று எழுதினாள். நான் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். ஆகவே கேள்வி அவள் காதுக்குப் போனது. அவளை வண்டியிலிருந்து இறக்கி, காதைச் சோதிக்க வைத்தியரிடம் தெர்மீன் எடுத்தார்கள். இந்த வேலைக்குக் காது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். காது பழுது என்றால் வண்டி மட்டுமில்லை, நெருப்புக்கு முன் நிற்கும் வேலையே அவளுக்கு இல்லை, அலுவலக மேசைதான். காது சரி என்றால் அவள் பொய்க்காரி. பொய்யான அறிக்கை எழுதியவளை வண்டியிலிருந்து நிரந்தரமாக இறக்கி வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அவளுக்கு என்று ஒரு பொறி, என் கையெழுத்தோடு. கோப்பிக்காரர்கள் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். இருபது வருடத்தில் அவர்கள் என்னை இவ்வளவு தங்களில் ஒருவனாக நடத்தியது அந்தக் கிழமைதான்.

சனிக்கிழமை ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். அக்கா தொலைபேசியில் எடுத்தா. மணவறை முடிந்து இப்போது கேக்குக்கு வந்திருந்தா.

"ஓம்... ஓம் அக்கா... ஓம்..."

தூரப் புல்வெளியில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு மண்ணிற நாய் ஓடி வந்து என் முன்னால் நின்று வாலாட்டியது. அதன் சொந்தக்காரி ஒரு வயதான அம்மா. மூச்சு வாங்க வந்து, கோபமும் சிரிப்புமாக, "நான் கூப்பிட்டா ஒருநாளும் வராது. நீங்கள் கூப்பிட்டா உடனே வருது" என்றார்.

"நான் கூப்பிடேல்லையே."

"என்ன கூப்பிடேல்ல? நானும் கேட்டனான். இப்ப கோம், கோம் எண்டனீங்களே."

தொலைபேசியைக் கையில் பிடித்தபடி நாயைப் பார்த்து மெல்ல, "ஓம்" என்றேன். அது இன்னும் ஒரு அடி கிட்ட வந்து என் சப்பாத்தின் மேல் குந்தியது. அதற்கு ஜெர்மன் மட்டும்தான் தெரியும். அக்கா கனடாவிலிருந்து, "தம்பி, என்ன சத்தத்தைக் காணேல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தா.

நாய்க்கே விளங்கியது எனக்கு விளங்க நாலு நாள் எடுத்திருக்கிறது. உடனே தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன் என்று எழுத ஆசை. எடுக்கவில்லை. பதவிப் பட்டியல் அடுத்த வெள்ளிக்கிழமை வெளிவர இருந்தது. ஓம் என்றேன் என்று சொன்னால் யாரிடம் சொன்னாய் என்று கேட்பார்கள். யாரிடம் என்றால் தொலைபேசி. வண்டிக்குப் பின்னால் நின்று தொலைபேசியில் கதைத்தவனை எந்தப் பிரிவுக்குத் தலைவராக்குவார்கள்? ஆகவே நான் பொய் சொல்லவில்லைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறும் திங்களும் செவ்வாயும் போயின. திங்கட்கிழமை யானாவின் முடிவு வந்தது: காதில் ஒரு குறையும் இல்லை. தலைவர் தாழ்வாரத்தில் என்னைக் கண்டு, "காது சரியாம். பாவம் பிள்ளை, ஏன் இப்பிடி எழுதினவள்?" என்றார். வியாழக்கிழமை அவளுடைய மாற்றக் கடிதத்தில் கையெழுத்து வைக்க இருந்தார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் தலையாட்டலை ஆம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம்.

வீட்டில் மனைவியிடம் மூன்று நாளும் இதே கதைதான். செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் பொய் சொல்லேல்ல எண்டு இன்னும் எத்தினை தரம் எனக்குச் சொல்லுவியள்? பொய் சொல்லாத ஆக்கள் இப்பிடிச் சொல்லிக்கொண்டு திரியிறேல்லை."

புதன்கிழமை காலையில் தலைவரின் அறைக்குப் போனேன்.

"நான் கொம் எண்டு சொல்லேல்ல. ஆனா ஓம் எண்டு சொன்னனான்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "யோகாவோ?"

"இல்லை."

"என்ர மனுசியும் செய்யிறவ. மனசுக்கு நல்லதாம். ஆனா சிவா, வண்டி வரேக்க..."

ஓம் என்றால் எங்கள் மொழியில் ஆம் என்று விளங்கப்படுத்தக் கால் மணித்தியாலம் பிடித்தது. உலகத்துக்கே பெரிய மந்திரம், எங்களுக்கு வெறும் சம்மதம் என்று அவருக்கு நம்ப முடியவில்லை. பிறகு யாரிடம் சம்மதித்தாய் என்று கேட்டார். தொலைபேசியைச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"இஞ்ச பாரும். வளைவுக்குள்ள எதிரொலி இருக்கு. மொழி வித்தியாசம் இருக்கு. ஒருத்தரிலும் பிழையில்லை, கட்டடத்தின்ர பிழை எண்டு எழுதுவம். அந்தப் பிள்ளையும் தப்பும். தொலைபேசியைப் பற்றி ஆரும் கேக்கேல்லத்தானே?"

தம்பிமார், தங்கச்சிமார், கவனியுங்கள். நெருப்பில் முடிவெடுப்பது லேசு, சூடு உங்களைத் தள்ளும். இப்படி ஒரு அறையில், நல்ல மனிதர் ஒருவர் உங்களுக்கு நல்லதைச் செய்ய நினைக்கும்போதுதான் கஷ்டம். ஒரு நிமிடம் யோசித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஐந்து நிமிடம் யோசித்தேன். அவர் கோப்பி ஊற்றித் தந்தார். அதையும் குடித்தேன். யானா தப்புவாள், நானும் தப்புவேன், ஸ்பெயின்காரர் மேல் பழி போகும். ஆனால் மொழி வித்தியாசம் என்று எழுதினால், எங்களில் இன்னொருவன் நாளைக்கு அந்த முற்றத்தில் நிற்க வரும்போது இவன் பேச்சு விளங்காது என்று ஒதுக்கிவிட அந்தக் கடதாசி போதும். பிழை தமிழில் இல்லை, தொலைபேசியில். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள், தொலைபேசி என்ற சொல்லைக் கடைசி வரியில்தான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஓய்வுபெறும்வரை அதே நிலைதான். போஸ்டரை மட்டும் யாரும் கழற்றவில்லை, புது அறிவித்தல் வரும்வரை நாங்கள் இருவரும் உடையாத வளைவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்றோம். இப்போது அந்த வளைவில் குரல் கொடுப்பதில்லை, விசில்தான். கல் மாதுளம்பழத்தை ஒட்டித் திரும்ப ஏற்றிவிட்டார்கள். முன்பைவிட இப்போது பலமாக இருக்கிறது என்று அந்த வெள்ளைக் கையுறை அம்மா சொன்னார்.

யானா அடுத்த கிழமை வண்டிக்குத் திரும்பினாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏணி வண்டியின் படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் எழுதினதை வாசிச்சனான்" என்றாள். "நன்றி. கஷ்டமாயிருந்திருக்கும்."

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான், "காதுச் சோதினை எண்டு உன்னை அலைய வச்சிட்டன்" என்றேன்.

அவள் சப்பாத்துக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"டொக்டர் சிரிச்சுக்கொண்டு, காது அருமையா இருக்கெண்டு சொன்னவர். நான் காருக்குள்ள போயிருந்து அழுதனான். பழுதெண்டு சொல்லவேணும் எண்டு வேண்டிக்கொண்டு போனனான், சிவா. பழுதெண்டா வேலைதான் போயிருக்கும். உங்களை நம்பிக்கொண்டு இருந்திருப்பன்."

அவள் குனிந்து மற்றச் சப்பாத்தைக் கட்டத் தொடங்கினாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம், என்னை அவள் ஒருநாளும் குறையாக நடத்தியதில்லை. ஆனால் வண்டி பின்னெடுக்கும்போது யார் நிற்பது என்று தலைவர் கேட்டால், "ஆரெண்டாலும் பரவாயில்லை" என்பாள்.